நீர்க்கடுப்பும் தலைவிதியும்

மூத்திரத்தைப் பற்றிப் பத்திரிகையில் எழுதலாமா, நாலுபேர் படிக்கிற காகிதமல்லவா என்று சில கண்ணியவான்கள் நம்மைக் கேட்கக்கூடும். பசுவின் மூத்திரத்தைப் பஞ்சகவ்வியத்தில் சேர்த்து, உள்ளங்கையில் ஏந்தி, கண்ணில் ஒற்றிக்கொண்டு குடிப்பதில் இவர்களுக்கு எவ்விதக் கண்ணியக் குறைவும் தோன்றுவதில்லை. மனிதனுக்கு மூத்திரம் எரிச்சலோடு போகிறது, அதற்கு வைத்தியம் என்ன என்று கேட்டால் மட்டும் மூக்கைப் பிடித்துக்கொள்கிறார்கள். மாட்டு மூத்திரத்துக்கு இருக்கிற மரியாதை மனிதன் மூத்திரத்துக்கு இல்லாத நாட்டில் மனிதனுக்கு என்ன மரியாதை இருந்துவிடப் போகிறது? இந்தப் போலிக் கண்ணியம் சில சமயங்களில் மனிதரின் கைகால்களையே விலையாகக் கேட்டுவிடுகிறது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

விஷயம் இதுதான். நீர்க்கடுப்பு என்று நாம் சாதாரணமாகச் சொல்லுகிற மூத்திரப் பாதைக் கோளாறு, உலகத்தில் ஏறக்குறைய இரண்டு பெண்களில் ஒருவருக்கு ஆயுளில் ஒரு தடவையாவது வந்து போகிற நோய். மிகப் பெரும்பாலோருக்குச் சில நாள் மருந்தில் அது தீர்ந்துபோகும். ஆனால் கவனியாமல் விட்டால், வெகு சிலருக்கு, அது சிறுநீரகத்துக்கு ஏறி, அங்கிருந்து இரத்தத்தில் கலந்து, கடைசியில் கைவிரலும் கால்விரலும் கரிக்கட்டை போலக் கறுத்துச் செத்துப்போகும்படி செய்துவிடும். இது அபூர்வம். அபூர்வம் என்பதை மறைத்துப் பயமுறுத்துவது பூசாரியின் வேலை. அது நமக்கு வேண்டாம். ஆனால் அபூர்வமாக வந்தாலும், வந்த வீட்டில் அதற்கு வைக்கப்படும் பெயர் என்ன? "முன்வினை." "தலையெழுத்து." "எந்த ஜென்மத்துப் பாவமோ." இந்தப் பெயர்தான் நம்முடைய சண்டைக்குக் காரணம்.

தூரத்து ஊரில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுமுன் நம் ஊரைப் பார்ப்போம். உப்பு உற்பத்தியில் இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அந்தத் தமிழ்நாட்டு உப்பில் பெரும்பங்கு நம் தூத்துக்குடிச் சீமையில் விளைவது. முள்ளக்காடு, முத்தையாபுரம், தருவைகுளம், வேப்பலோடை, ஆறுமுகநேரி என்று கடலோரம் முழுவதும் பாத்திகள். விடியுமுன் வேலைக்குப் போகிறவர்களில் பெண்கள் ஏராளம். கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை உப்பு; ஒதுங்க ஒரு மரமில்லை, ஒரு மறைப்பு இல்லை. ஆண்பிள்ளை கரைக்கு அந்தப் பக்கம் திரும்பி நின்றுவிடுகிறான். பெண் என்ன செய்வாள்? அடக்குகிறாள்.

நம் தெருவில் உப்பளத்துக்குப் போகிற ஒரு அம்மாளிடம் ஒருநாள், "இந்த வெயிலில் தண்ணீராவது நன்றாகக் குடிக்கிறீர்களா?" என்று கேட்டோம். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, "குடிச்சா போகணும். போறதுக்கு எங்க அண்ணாச்சி எடம்? அதான் குடிக்கிறதே இல்ல" என்றார். உப்பளத் தொழிலாளியின் ஆரோக்கியத்தைப் பற்றி எத்தனை பக்கம் எழுதினாலும் இந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் சொல்ல முடியுமா?

அடக்கினால் என்ன ஆகிறது? மனிதன் குடலில் எப்போதும் குடியிருக்கிற ஒரு கிருமி உண்டு. 1885-ல் எஷரிச் என்ற வைத்தியர் கண்டறிந்ததனால் அதற்கு ஈ. கோலி என்று பெயர் வந்தது. குடலில் இருக்கும்வரை அது பெரும்பாலும் சாது. மூத்திரத் துவாரத்தின் வழியாக உள்ளே ஏறிவிட்டாலோ அதுவே விரோதி. நீர்க்கடுப்பில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே காரணம். ஆணுக்கு அந்தக் குழாய் சுமார் எட்டு அங்குல நீளம். பெண்ணுக்குச் சுமார் ஒன்றரை அங்குலம். ஆகவே கிருமிக்குப் பெண்ணிடத்தில் பிரயாணம் சுருக்கம். தண்ணீர் குடித்து அடிக்கடி மூத்திரம் போனால் ஏறுகிற கிருமி அப்போதைக்கப்போது கழுவப்பட்டுப் போகும். தண்ணீரும் குடியாமல், வந்ததையும் அடக்கினால், பைக்குள் தேங்குகிற நீர் கிருமிக்கு நாம் கட்டிக்கொடுத்த குளம்.

மேலே சொன்ன அம்மாளுக்கே சில வருஷங்களுக்கு முன் நடந்த சங்கதியையும் சொல்லிவிடுகிறோம். எரிச்சல் ஆரம்பித்து நாலு நாள் யாரிடமும் சொல்லவில்லை. புருஷனிடம் சொல்ல வெட்கம். மாமியாரிடம் சொல்லப் பயம். ஐந்தாம் நாள் குளிர்காய்ச்சல் வந்து உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. விலாவுக்குப் பின்னால் குத்தல். வீட்டார் "சூடு" என்றார்கள், வெந்தயம் கொடுத்தார்கள். ஆறாம் நாள் "காத்துக் கருப்பு" என்றார்கள். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். ஒரு உறவுக்காரர் கோயில் விபூதி கொண்டுவந்தார். இன்னொருவர் மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்தார். இதிலெல்லாம் சாதி மத பேதம் பார்க்காத ஒற்றுமை நம் ஜனங்களிடம் உண்டு! ஏழாம் நாள் காலை அந்த அம்மாள் பேத்தலாகப் பேசினார். கை சில்லிட்டுப் போயிற்று. அப்போதுதான் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நரம்பில் மருந்தும் உப்பு நீரும் ஏற்றினார்கள். ஒன்பது நாளில் எழுந்து வீட்டுக்கு வந்தார். "ராத்திரிவரை பொறுத்திருந்தால் ஆளே போயிருக்கும், பிழைத்தாலும் விரல் போயிருக்கக்கூடும்" என்று டாக்டர் சொன்னதை நம் காதால் கேட்டோம்.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். பிழைக்கவைத்தது ஆஸ்பத்திரி, காணிக்கை போனது கோயிலுக்கு. கயிறு கட்டினவருக்கு வேட்டியும் பணமும். இரவெல்லாம் கண்விழித்துச் சலைன் பாட்டிலை மாற்றிய நர்சம்மாளுக்கு ஒரு வாய் வார்த்தை நன்றி கூட இல்லை. போகட்டும், நன்றி இல்லாமற் போனால் நர்சம்மாள் கோபித்துக்கொண்டு நோயை ஏவிவிட மாட்டாள். அந்தச் சக்தி தெய்வங்களுக்குத்தான் உண்டாம்!

"விரல் போயிருக்கக்கூடும்" என்று டாக்டர் சொன்னாரே, மூத்திர நோய்க்கும் விரலுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று நமக்கு விளங்கவில்லை. பிற்பாடு விசாரித்துப் படித்தபோது உலகம் அறிந்த ஒரு சம்பவம் தெரியவந்தது. தென்னமெரிக்காவில் பிரேசில் என்ற தேசம். அதில் எஸ்பிரித்து சாந்து என்று ஒரு மாகாணம். அந்தப் பெயருக்குப் பொருளே "பரிசுத்த ஆவி" என்பதுதான். அந்த மாகாணத்தில் மரியானா பிரிதி என்று 20 வயதுப் பெண். உலக அழகிப் போட்டிக்குப் பிரேசிலிலிருந்து ஆள் பொறுக்கும் பந்தயத்தில் கடைசிச் சுற்றுவரை வந்தவர். 2008 டிசம்பர் கடைசியில் அவருக்கு உடம்பு சரியில்லாமற் போயிற்று. முதலில் பார்த்தவர்கள் சிறுநீரகக் கல் என்று நினைத்து மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். 2009 ஜனவரி முதல் வாரத்தில் மறுபடி ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, மூத்திரப் பாதையில் புகுந்த கிருமி இரத்தம் முழுவதும் பரவியிருந்தது. சூடோமோனாஸ் என்ற முரட்டுக் கிருமி. பல மருந்துகளுக்கு மசியாதது. கைகளும் கால்களும் இரத்தம் ஓடாமல் செத்தன. உயிரையாவது காப்பாற்றலாம் என்று அவற்றை வெட்டியெடுத்தார்கள். அப்படியும் ஜனவரி 24-ந் தேதி அவர் இறந்துபோனார்.

தோழர்களே! இந்தப் பெண் எந்த ஜென்மத்தில் என்ன பாவம் செய்தார்? நம்மூர்ப் புராணிகர் பிரேசில் தேசத்தாருக்கும் சேர்த்துக் கணக்கு வைத்திருக்கிறாரா?

இனி, விரல் ஏன் கறுக்கிறது என்பதை நம் உப்பளத்தை வைத்தே சொல்லலாம். உப்பளத்தில் நீரை இறைத்து வாய்க்காலில் விட்டுப் பாத்தி பாத்தியாகப் பாய்ச்சுகிறார்கள். இறைக்கிற வேகம் குறைந்தால் முதலில் காய்வது எது? கடைசிப் பாத்தி. உடம்பில் இரத்தத்தை இறைப்பது இருதயம். விரல் நுனிகள்தான் கடைசிப் பாத்தி. கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டால், அதை எதிர்க்க உடம்பு செய்கிற ஆரவாரத்திலேயே இரத்தக் குழாய்கள் தளர்ந்து, இரத்த அழுத்தம் விழுந்துவிடுகிறது. இதைத்தான் வைத்தியர்கள் செப்சிஸ் என்றும், அது முற்றினால் செப்டிக் ஷாக் என்றும் சொல்லுகிறார்கள். அப்போது உடம்பு தன்னிடம் மிஞ்சியிருக்கிற இரத்தத்தை மூளைக்கும் இருதயத்துக்கும் ஒதுக்கிவிட்டுக் கைகால்களுக்குப் போகும் மடையை அடைக்கிறது. அதோடு, நுண்ணிய குழாய்களுக்குள்ளே இரத்தம் சின்னச் சின்னக் கட்டியாக உறைந்து அடைத்துக்கொள்ளுகிறது. விழுந்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்த டாக்டர் கொடுக்கிற மருந்தும் குழாயைச் சுருக்குகிற மருந்தே; அதுவும் சில சமயம் விரலுக்குப் போகும் வழியை இன்னும் இறுக்கிவிடும். டாக்டருக்கு இது தெரியும். தெரிந்தேதான் கொடுக்கிறார், விரலைப் பார்த்துக்கொண்டு உயிரை விடமுடியாதல்லவா?

இதன் விசித்திரம் என்னவென்றால், மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தால் நாடி துடித்துக்கொண்டே இருக்கும். விரல் மட்டும் செத்திருக்கும். பெரிய வாய்க்காலில் நீர் இருக்கிறது. கடைசிப் பாத்திக்குப் போகும் சிறு மடைகள்தான் அடைபட்டிருக்கின்றன. இரண்டு கையிலும் இரண்டு காலிலும் ஒரே மாதிரி கறுக்கும். நம்மூரில் அடிக்கடி காண்கிற சர்க்கரைக்காரர் கால் அழுகலோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது பெரும்பாலும் ஒரு காலில், வருஷக்கணக்காகக் கெட்ட குழாயினாலும் மரத்த பாதத்துப் புண்ணினாலும் வருவது. இது நாள் கணக்கில், சில சமயம் மணிக்கணக்கில் வருவது. 1891-லேயே ஹட்சின்சன் என்ற இங்கிலீஷ் வைத்தியர் இப்படி இருபுறமும் விரல் கறுத்த ஒரு நோயாளியைப் பற்றி எழுதிவைத்தார். மூத்திர நோயிலிருந்து மட்டுமல்ல, நுரையீரல் காய்ச்சல், மூளைச் சவ்வுக் காய்ச்சல், கடும் மலேரியா முதலியவற்றிலிருந்தும் இது வரக்கூடும். இந்தியாவிலும் பல ஆஸ்பத்திரிகளில் வைத்தியர்கள் இதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள்.

இவ்வளவும் தெரிந்த பிறகு முன்வினைக்காரர்களைச் சில கேள்விகள் கேட்கிறோம். பெண்களுக்கு நீர்க்கடுப்பு அதிகம் வருகிறதே, பெண்களெல்லாம் ஆண்களைவிடப் பாவிகளா? குழாய் ஒன்றரை அங்குலமாயிருப்பது காரணம் என்று உடற்கூறு சொல்லுகிறது. உங்கள் சாஸ்திரம் என்ன சொல்லுகிறது? 1940-களில் பென்சிலின் முதலிய கிருமிக்கொல்லி மருந்துகள் வைத்தியத்துக்கு வந்த பிறகு, இரத்தத்தில் கிருமி ஏறியும் பிழைத்தவர்கள் பல மடங்கு பெருகினார்களே, அந்த வருஷத்திலிருந்து ஜனங்கள் பாவம் செய்வதை விட்டுவிட்டார்களா? மாத்திரைக்குப் பயந்து ஓடுகிற பாவம் என்ன பாவம்? ஊசிமுனைக்குக் கட்டுப்படுகிற விதி என்ன விதி?

இதற்கு எதிர்க்கேள்வி ஒன்று வரும் என்பது நமக்குத் தெரியும். "ஐயா, பிரேசிலில் டாக்டர்களும்தானே தவறினார்கள்? கல் என்று சொல்லித்தானே அனுப்பினார்கள்? உங்கள் விஞ்ஞானம் எங்கே போயிற்று?" என்பார்கள். நியாயமான கேள்விதான், மழுப்ப மாட்டோம். ஆம், தவறினார்கள். ஆனால் அந்தத் தவறு நமக்கு எப்படித் தெரியவந்தது? மறுபடி பரிசோதித்து, கிருமியைக் கண்டுபிடித்து, முன்பு நினைத்தது பிசகு என்று வைத்தியர்களே சொன்னதனால்தான் தெரியவந்தது. மந்திரவாதி என்றைக்காவது "நான் கட்டிய கயிறு பிசகு" என்று சொன்னதுண்டா? பிழைத்தால் கயிற்றின் மகிமை. செத்தால் செத்தவன் விதி. எப்படி விழுந்தாலும் தனக்கே ஜெயம் என்று ஆடுகிற சூதாட்டத்தில் தவறு வெளிப்படாது. தவறு வெளிப்படாத இடத்தில் திருத்தமும் வராது. தவறக்கூடியது, தவறை ஒப்புக்கொள்ளக்கூடியது, அதனாலேயே திருந்தக்கூடியது, அதுவே அறிவு.

நம் கடற்கரைக்கு இந்தச் சூதாட்டம் புதிதல்ல. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் கடல்கட்டி என்று ஒரு உத்தியோகம் இருந்தது. முத்துக்குளிப்பவன் கடலில் இறங்குமுன், கரையிலோ படகிலோ இருந்துகொண்டு மந்திரம் ஜெபித்துச் சுறாமீனின் வாயைக் கட்டுவது அவன் வேலை. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ என்ற வெனிஸ் தேசத்து யாத்திரிகன், எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு இந்த மந்திரக்காரர்களுக்குப் போயிற்று என்று எழுதியிருக்கிறான். இன்னொன்றும் எழுதியிருக்கிறான்: மந்திரம் பகலுக்கு மட்டுந்தானாம், இரவில் கட்டை அவிழ்த்துவிடுவார்களாம், யாரும் திருட்டுத்தனமாக முத்தெடுக்கக் கூடாது என்பதற்காக! சுறாவின் வாய் எத்தனை ஒழுங்காக முதலாளிக்கு வேலை செய்திருக்கிறது பாருங்கள். வெள்ளைக்காரன் ஆட்சியிலும் இந்த உத்தியோகம் நீடித்தது. முத்துக்குளிப்போரின் பயம் தெளியவேண்டும் என்று சர்க்காரே அதற்குக் கூலி கொடுத்த காலமும் உண்டு.

மூச்சடக்கி அடியாழத்துக்குப் போனவன் பரதவன். காது வெடித்து இரத்தம் கக்கினவன் அவன். அவனுக்கு வைத்தியம் பார்ப்பதைவிடக் கடல்கட்டிக்குக் கூலி கொடுப்பது எல்லோருக்கும் சுலபமாக இருந்தது. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோயிற்று. கடல்கட்டியும் போனான். ஆனால் அவன் மூளை மட்டும் நம் ஊரைவிட்டுப் போகவில்லை. இன்றைக்கும் உப்பளத்தில் வேலை தொடங்கும் நாளில் பூசை போட, தேங்காய் உடைக்க, பொங்கல் வைக்கக் காசு இருக்கிறது. பெண்பிள்ளை ஒதுங்க நாலு சுவரும் ஒரு கதவும் வைக்கக் காசு இல்லை என்கிறார்கள். சுறா வாயைக் கட்டக் காசு கொடுத்தவனுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

சட்டம் இல்லையா என்றால் இருக்கிறது. 1948-ல் இயற்றிய தொழிற்சாலைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாகப் போதுமான கக்கூஸ் கட்டிவைப்பது முதலாளியின் கடமை என்று சொல்லிற்று. உப்பளம் வெட்டவெளிதானே, அது எப்படித் தொழிற்சாலை ஆகும் என்று ஒரு உப்பள முதலாளி வழக்காடிப் பார்த்தார். கடல் நீரை உப்பாக்குவது உற்பத்தித் தொழிலே, பாத்தி வெட்டிய வெளி நிலமும் அதற்கு இடமே என்று 1961-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. 2020-ல் பார்லிமெண்டு இயற்றிய தொழிலாளர் பாதுகாப்புச் சட்டமும் ஆண், பெண், திருநங்கையர் எல்லோருக்கும் இந்த வசதி வேண்டும் என்கிறது. தீர்ப்பு வந்து அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் எத்தனை உப்பளத்தில் கக்கூஸ் இருக்கிறது என்று தோழர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்துபோய் எண்ணிப் பார்க்கட்டும். சென்னை ஸ்ரீராமச்சந்திரா கல்வி நிலையத்து ஆராய்ச்சியாளர்கள் தமிழ்நாட்டு உப்பளங்களில் சோதித்து, தாங்கக்கூடிய அளவுக்கு மீறின வெக்கையில் ஜனங்கள் வேலை செய்கிறார்கள் என்றும், சிலருக்குச் சிறுநீரகத்தின் வேலைத்திறன் குறைந்திருக்கிறது என்றும் கண்டிருக்கிறார்கள். ஆகவே இது கதையல்ல, கணக்கு.

கேட்டால் கிடைக்காது என்று சோர்ந்துபோக வேண்டியதில்லை. இதே ஊரில் 1908-ல் கோரல் மில் தொழிலாளர்கள் வ. உ. சிதம்பரனாரின் துணையோடு வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வும் வார விடுமுறையும் பெற்றார்கள். எந்தச் சாமிக்கும் வேண்டிக்கொண்டு அது வரவில்லை. ஜவுளிக்கடைப் பெண்கள் நாள் முழுவதும் நின்றே வேலை செய்த நிலைமை பேசப்பட்டு, உட்கார ஆசனம் போடவேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. உட்காருவதற்குச் சட்டம் வரும்போது, ஒதுங்குவதற்கு இருக்கிற சட்டம் நடைமுறைக்கு வராதா? வாய் திறந்து கேட்க வேண்டும். கேட்பதற்கு முதல் தடை வெட்கம்.

அந்த வெட்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஈ.வெ.ரா. தமது கடைசி வருஷங்களில் மூத்திரக் கோளாறினால் குழாய் வைத்துக்கொண்டு, மூத்திரம் இறங்கும் பாத்திரத்தையும் உடன் சுமந்துகொண்டே ஊர் ஊராகப் போய்ப் பேசினார் என்பது தமிழ்நாடு அறிந்த செய்தி. ஆயிரக்கணக்கான ஜனங்களுக்கு முன்னால் அதை மறைக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. 1973 டிசம்பர் 19-ந் தேதி சென்னை தியாகராய நகரில் கடைசியாகப் பேசியபோதும் நோவு தாங்காமல் முனகினாரே தவிர, "என் விதி" என்று முனகவில்லை. தொண்ணூற்று நாலு வயதுக் கிழவருக்கு இல்லாத வெட்கம், பாடுபட்டுப் பிழைக்கிற நம் பெண்மக்களுக்கு ஏன்? வேலை செய்கிற உடம்பு மூத்திரம் பெய்யும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கப்படவேண்டியவர் இடம் கட்டித் தராத முதலாளி.

இது பெண்களின் நோய் மட்டும் என்று ஆண்பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. வயதான ஆண்களுக்கு மூத்திரப் பையின் அடியிலிருக்கும் சுரப்பி வீங்கி வழியை அடைக்கும். துறைமுகத்திலும் உப்பளத்திலும் வெயிலில் வேர்த்துத் தண்ணீர் குடியாதவர்களுக்குக் கல் உண்டாகும். கல் அடைத்த இடத்துக்கு மேலே கிருமி சேர்ந்துவிட்டால் அது மிகவும் ஆபத்து. மருந்தோடு அடைப்பையும் உடனே நீக்கியாக வேண்டும். சர்க்கரை நோய்க்காரர், பிள்ளைத்தாய்ச்சி, மூத்திரக் குழாய் வைத்திருப்பவர் ஆகியோர் மற்றவர்களைவிடக் கவனமாயிருக்க வேண்டும்.

கடைசியாக, படிக்கிற தோழர்கள் படிக்கத் தெரியாதவர்களுக்கு வீடுவீடாகச் சொல்லவேண்டியவை சில. எரிச்சல் கண்டவுடனே டாக்டரிடம் போய் மூத்திரத்தைப் பரிசோதியுங்கள். மருந்துக்கடையில் இரண்டு மாத்திரை கேட்டு வாங்கி விழுங்கி, எரிச்சல் நின்றவுடன் விட்டுவிடாதீர்கள். அரைகுறை மருந்து கிருமியைக் கொல்லாமல் அதற்குப் பயிற்சி கொடுக்கிறது; பிறகு அதே மருந்துக்கு அது மசியாது. இளநீரும் மோரும் நல்லவைதான், குடியுங்கள். ஆனால் அவை மருந்தின் வேலையைச் செய்யா. எரிச்சலோடு குளிர்காய்ச்சல், விலாப்புறக் குத்தல், வாந்தி இவை வந்தால் கிருமி மேலே ஏறிவிட்டது என்று பொருள், அன்றைக்கே ஆஸ்பத்திரி. பேத்தல், வேக மூச்சு, மூத்திரம் சுருங்குதல், கைகால் சில்லிடுதல், தோலில் திட்டுத்திட்டாக நிறம் மாறுதல் இவற்றில் ஒன்று கண்டாலும் அந்த நிமிஷமே 108-க்குப் போன் செய்யுங்கள். வயோதிகருக்கு எரிச்சல் இல்லாமலே பேத்தல் மட்டும் வரலாம்; அதைப் பேய் என்று வேப்பிலை அடிக்காதீர்கள். ஷாக் கண்ட நோயாளிக்கு ஒருமணி நேரத்துக்குள் கிருமிக்கொல்லி மருந்து ஏறவேண்டும் என்று வைத்தியர்கள் விதி வைத்திருக்கிறார்கள். கயிறு மந்திரிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

2017-ம் ஒரே வருஷத்தில் உலகத்தில் சுமார் 4 கோடியே 89 லட்சம் பேருக்குச் செப்சிஸ் கண்டது என்றும், 1 கோடியே 10 லட்சம் பேர் அதோடு மாண்டார்கள் என்றும் ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். மூத்திரப் பாதையிலிருந்து ஆரம்பித்தவை அதில் ஒரு பங்கு. இத்தனை கோடி பேருக்கும் பிரம்மா தனித்தனியாகத் தலையில் எழுதினானென்றால் அவன் கை ஓய்ந்திருக்கும்!

விரல் கறுப்பது விதியால் அல்ல, பெரும்பாலும் பிந்தியதால். பிந்துவதற்குக் காரணம் வெட்கம், மூடநம்பிக்கை, ஒதுங்க இடமில்லாமை ஆகிய மூன்று. இந்த மூன்றும் மனிதன் உண்டாக்கியவை. ஆகவே மனிதனே ஒழிக்கக்கூடியவை. உப்புக்குப் பாத்தி கட்டத் தெரிந்த கைகளுக்கு ஒரு கக்கூஸ் கட்டத் தெரியாதா? அந்தக் கைகள் கறுத்துப் போகுமுன் கட்டட்டும்.